அன்டிவைரஸ் போட்டதுக்குப் பிறகு மெயில் வருகுதும் இல்ல போகுதும் இல்ல, என்ன செய்யிற?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல ஒருக்கா சுருக்கிச் சொல்லிட்டுத் தொடங்குறன், இதே கரைச்சலோட வேற ஆக்களும் இருப்பாங்க. சம்மாந்துறையில ஒரு அரிசி ஆலைட கந்தோர்ல வேலை, கந்தோர் கொம்பியூட்டர்ல விண்டோஸ் 10, மெயில் பார்க்கிறது தண்டர்பேர்ட் எண்ட மெயில் ப்ரோக்ராம்ல, கொம்பனிட சொந்த டொமைன் பேர்ல மெயில். போன கிழமை யாரோ ஒரு அன்டிவைரஸ் போட்டுத் தந்திருக்கார், அண்டையில இருந்து மெயில் எடுக்கப் போனா சுத்திக்கொண்டே நிக்கிது, சில நேரம் சேர்ட்டிபிகேட் பிழை எண்டு ஒரு பெட்டி வருது, அனுப்பினா "அனுப்பப்படுகிறது" எண்ட கோடு பாதியில நிண்டு கடைசில டைம்அவுட். ப்ரவுசர்ல திறந்தா எல்லா மெயிலும் இருக்கு. போன்லயும் வருது. விண்டோஸ் பயர்வோல, அதாவது நெட்டால வாறத போறத மறிக்கிற காவல, ஓஃப் பண்ணிப் பார்த்தாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. கடையில கேட்டா போர்மட் அடிக்கணுமாம்.

போர்மட் அடிக்காதீங்க. மூண்டு வருச மெயில் அந்த மெசினுக்குள்ள கிடக்கு எண்டும் நீங்களே சொல்லியிருக்கீங்க, அத பெக்கப் எடுக்காம அடிச்சா மறுகா அழ வேண்டியதுதான். நான் மட்டக்களப்புல இந்த வேலைதான் பார்க்கிறன், இந்தக் கேஸ் மாசத்துக்கு ரெண்டு மூண்டாவது வரும், ஒண்டுக்கும் போர்மட் தேவைப்பட்டதில்ல.

கடைசில சொல்ற மெயில் கொப்பிய எடுத்துட்டு, முதல் வேலை, அந்த விண்டோஸ் பயர்வோல திரும்ப ஓன் பண்ணுங்க. இத ஏன் முதல்ல சொல்றனெண்டா எல்லாரும் செய்யிற முதல் பிழை இதுதான், மெயில் வரல்ல எண்டா உடனே பயர்வோல ஓஃப் பண்ணுவாங்க, சரிவராது, ஆனா திரும்ப ஓன் பண்ண மறந்துடுவாங்க. விண்டோஸோட வாற பயர்வோல் இயல்பா வெளியில இருந்து உள்ள வாறத்தத்தான் மறிக்கும், உள்ள இருந்து வெளியில போறத விட்டுடும். தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ மெயில் எடுக்கிற நேரம் அதுதான் வெளியில போய்க் கதவத் தட்டுது, சேர்வர் அந்தக் கதவாலயே பதில் தருது. அதால யாராவது மினக்கெட்டு வெளியில போறத மறிக்கிற அவுட்பவுண்ட் ரூல் ஒண்டு எழுதி வெச்சிருந்தாலொழிய விண்டோஸ் பயர்வோல் மெயிலுக்குக் குறுக்க நிக்கிறது மெத்தக் குறைவு. ஓஃப் பண்ணியும் மாற்றம் வராததுக்குக் காரணம் அதுதான், நீங்க ஆள மாறிப் பிடிச்சிருக்கீங்க.

இனி உண்மையான ஆள் யாரெண்டு பார்ப்பம். ப்ரவுசர்ல வருது எண்டதால பாஸ்வேர்ட் சரி, சேர்வர் உயிரோட இருக்கு, அவ்வளவுதான் அதால விளங்கும், வேற ஒண்டும் விளங்காது, ஏனெண்டா ப்ரவுசர் போற வாசல் வேற, மெயில் ப்ரோக்ராம் போற வாசல் வேற. இந்த வாசல்ட நம்பரத்தான் போர்ட் எண்டு சொல்றது. ப்ரவுசருக்கு போர்ட் 443. மெயில் எடுக்க ரெண்டு முறை இருக்கு, மெயில சேர்வர்லயே வெச்சுப் பார்க்கிற ஐமேப் எண்டா 993, மெசினுக்கு இறக்கி எடுக்கிற பொப் எண்டா 995, அனுப்புறதுக்கு 587 இல்லாட்டி 465. முன்வாசல் திறந்திருக்கு எண்டதுக்காகப் பின்வாசலும் திறந்திருக்கு எண்டு நினைக்கப்படாது. போன்ல வருது எண்டு சொன்னீங்க, சரி, அது எந்த நெட்ல? சிம் டேட்டாவிலயா கந்தோர் வைபையிலயா? இது பெரிய கேள்வி. போன்ல டேட்டாவ நிப்பாட்டிட்டு கந்தோர் வைபையில மட்டும் வெச்சு மெயில் எடுத்துப் பாருங்க. மறுகா மற்றப் பக்கத்தால, போன்ல ஹொட்ஸ்பொட் போட்டு அந்தக் கந்தோர் கொம்பியூட்டர அதுல கனெக்ட் பண்ணிப் பாருங்க, டெஸ்க்டொப்புல வைபை இல்லாட்டி போன யூஎஸ்பி கேபிளால குத்தி டெதரிங் போடலாம். போன் கந்தோர் வைபையிலயும் நல்லா எடுக்குது, கொம்பியூட்டர் மட்டும் எந்த நெட்லயும் எடுக்குதில்ல எண்டா வருத்தம் கொம்பியூட்டருக்குள்ள, அதாவது அன்டிவைரஸ். கொம்பியூட்டர் ஹொட்ஸ்பொட்ல நல்லா எடுக்குது, கந்தோர் வைபையில போனும் எடுக்குதில்ல எண்டா அன்டிவைரஸ் நிரபராதி, ரவுட்டர் பக்கமோ சேர்வர் பக்கமோ பார்க்கணும், அத கீழ சொல்றன். அஞ்சு நிமிச வேலை, ஆனா இத செய்யாம ரெண்டு நாள் செட்டிங்ஸ மாத்தி மாத்திக் குழப்பினவங்க எத்தனையோ பேர், கடைசில நல்லா இருந்த செட்டிங்ஸும் பிழைச்சுப் போயிருக்கும்.

நீங்க சொன்ன அந்த சேர்ட்டிபிகேட் பெட்டிய வெச்சுப் பார்த்தா எனக்கு முக்கால்வாசி நிச்சயம், உங்கட கேஸ் அன்டிவைரஸ்தான். அது எப்பிடி எண்டு கொஞ்சம் விளக்கமாச் சொல்றன், விளங்கினா நீங்களே செய்வீங்க.

மெயில் இப்ப எல்லாம் பூட்டின உறைக்குள்ளதான் வருது, டிஎல்எஸ் எண்டு சொல்றது அததான், நடுவுல ஆரும் பிரிச்சுப் பார்க்க ஏலாது. அன்டிவைரஸுக்கு இது ஒரு தலையிடி, உறைக்குள்ள வைரஸ் இருந்தா அதுக்கும் தெரியாதே. அதால அது என்ன செய்யுதெண்டா ஊர்த் தபாற்கந்தோர்ல ஒருத்தர் இருந்துகொண்டு உங்களுக்கு வாற கடிதத்த நீங்கதான் எண்டு சொல்லிக் கையெழுத்துப் போட்டு எடுத்து, பிரிச்சு வாசிச்சுப் பார்த்துட்டு, புது உறையில போட்டுத் தன்ட சீல குத்தி உங்கட்ட அனுப்புற மாதிரி ஒரு வேலை செய்யுது. சேர்வர்ட்டப் போய் நான்தான் தண்டர்பேர்ட் எண்டு சொல்லும், தண்டர்பேர்டிட்ட வந்து நான்தான் சேர்வர் எண்டு சொல்லும். சீல் சேர்வர்ட சீல் இல்ல, அன்டிவைரஸ்ட சொந்த சீல். இப்ப தண்டர்பேர்ட் அந்தச் சீலப் பார்த்துட்டு "இது ஆருடது, எனக்குத் தெரியாதே" எண்டு கேட்குது, அந்தப் பெட்டி வாறது அதுக்குத்தான். தண்டர்பேர்ட் தன்ட வேலைய சரியாத்தான் செய்யுது.

இன்னொரு விசயமும் இதுக்குள்ள இருக்கு, இத தெரியாம நிறையப் பேர் குழம்புவாங்க. ஆர்ட சீல நம்பலாம் எண்ட பட்டியல் விண்டோஸுக்கு எண்டு ஒண்டு இருக்கு, அவுட்லுக் அதத்தான் பார்க்கும். தண்டர்பேர்ட் தனக்கெண்டு தனிப் பட்டியல் வெச்சிருக்கு, முக்கியமா பழைய வெர்சன்கள் விண்டோஸ்ட பட்டியலப் பார்க்கிறதில்ல. அன்டிவைரஸ் இன்ஸ்டோல் ஆகும்போது விண்டோஸ்ட பட்டியலுக்குள்ள தன்ட பேர எழுதிடும், தண்டர்பேர்ட்ட பட்டியல்ல எழுத சில நேரம் ஏலாம விட்டுடும். அதால ஒரே மெசின்ல அவுட்லுக் நல்லா ஓடும், தண்டர்பேர்ட் மட்டும் முறைக்கும், ஆக்கள் தண்டர்பேர்ட்தான் பழுது எண்டு அத கழட்டி மாத்துவாங்க.

நிச்சயப்படுத்த ஒரு வழி இருக்கு. அடுத்த முறை அந்தப் பெட்டி வந்தா "கன்ஃபேர்ம் எக்ஸெப்ஷன்" எண்ட பட்டன அமத்தாம அதுக்குள்ளயே "வியூ" எண்டு ஒண்டு இருக்கும், அத அமத்துங்க. சேர்ட்டிபிகேட் விரியும், அதுல "இஷ்யூவர்" எண்ட இடத்தப் பாருங்க, அதாவது ஆர் குடுத்தது எண்டு. அங்க லெட்ஸ் என்க்ரிப்ட், டிஜிசேர்ட், செக்டிகோ, கூகிள் ட்ரஸ்ட் சேர்விசஸ் மாதிரி பேர் இருந்தா அது பெரும்பாலும் உண்மையான சேர்வர்ட சீல். உங்கட அன்டிவைரஸ்ட பேர் இருந்தா, அவாஸ்ட் எண்டோ ஈசெட் எண்டோ காஸ்பர்ஸ்கி எண்டோ இருந்தா, கள்ளன் வீட்டுக்குள்ளயே, மேலதிகமா ஒண்டும் தேடத் தேவையில்ல. ரெண்டும் இல்லாம ஆரும் கேள்விப்படாத பேர் ஒண்டு இருந்தா, அதுவும் நீங்க ஏதும் ஹோட்டல் வைபையிலயோ பஸ் ஸ்டேண்ட் வைபையிலயோ இருக்கிற நேரமா இருந்தா, பேசாம மூடிட்டு உங்கட டேட்டாவுக்கு மாறுங்க. அந்த எக்ஸெப்ஷன் பட்டன கண்ண மூடிக்கொண்டு அமத்துற பழக்கம்தான் எல்லாத்தையும் விட மோசம்.

சரி, அன்டிவைரஸ் எண்டு தெரிஞ்சா என்ன செய்யிற? முழு அன்டிவைரஸயும் கழட்டணும் எண்டு இல்ல, முழுசா ஓஃப் பண்ணவும் தேவையில்ல. அதுக்குள்ள மெயில் ஸ்கேன் எண்டு ஒரு பகுதி இருக்கு, அத மட்டும் நிப்பாட்டினாக் காணும். அவாஸ்ட் எண்டா மெனு, செட்டிங்ஸ், ப்ரொடெக்ஷன், கோர் ஷீல்ட்ஸ் எண்டு போய்க் கீழ இறங்கினா மெயில் ஷீல்ட் எண்டு இருக்கும். ஏவிஜியும் கிட்டத்தட்ட அதே வீடுதான், 2016ல ஏவிஜிய வாங்கினதே அவாஸ்ட்தான். ஈசெட்ல அட்வான்ஸ்ட் செட்டப்புக்குள்ள இமெயில் க்ளையன்ட் ப்ரொடெக்ஷன் எண்டு தேடுங்க, பக்கத்துல எஸ்எஸ்எல் ஃபில்டரிங்கும் இருக்கும், எஸ்எஸ்எல் எண்டது டிஎல்எஸ்ட பழைய பேர். காஸ்பர்ஸ்கியில நெட்வேர்க் செட்டிங்ஸுக்குள்ள என்க்ரிப்டட் கனெக்ஷன் ஸ்கேன் பண்றது எண்ட பகுதி. வெர்சனுக்கு வெர்சன் மெனு இடம் மாறும், ஆனா தேட வேண்டிய சொல் ரெண்டுதான், ஒண்டு "மெயில்", மற்றது "எஸ்எஸ்எல்". நிப்பாட்டிட்டு தண்டர்பேர்ட மூடித் திறங்க, முதல் போட்ட எக்ஸெப்ஷன் ஏதும் இருந்தா சேர்ட்டிபிகேட் மெனேஜர்ல அதயும் அழிச்சுடுங்க.

இப்ப நீங்க கேப்பீங்க, அப்ப மெயில்ல வைரஸ் வந்தா? நியாயமான கேள்வி, ஆலை முதலாளியும் இததான் கேப்பார். அன்டிவைரஸுக்குள்ள இன்னொரு ஆள் எப்பவும் முழிச்சிருக்கு, ஃபைல் ஷீல்ட், ரியல்டைம் எண்டெல்லாம் சொல்றது. நீங்க அட்டாச்மென்ட்ட சேவ் பண்ற நேரம், திறக்கிற நேரம் அது பிடிக்கும். மெயில் வாற வழியில ஒருக்கா பார்க்கிறது, திறக்கிற நேரம் ஒருக்கா பார்க்கிறது, ரெண்டு செக்கிங்ல முதலாவதத்தான் எடுக்கிறம், ரெண்டாவது அங்கயே நிக்கும். விண்டோஸோட வாற டிஃபெண்டர் இப்பிடி மெயில் கனெக்ஷன் நடுவுல நிக்கிறதே இல்ல, அத மட்டும் வெச்சு எத்தனையோ கந்தோர் ஓடுது. ஆனா ஃபைல் ஷீல்ட தொடப்படாது, உங்கட விண்டோஸ் 10க்கு வழமையான சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிட்டு, அதால காவல் கொஞ்சம் கூடத்தான் தேவை.

இந்த நடு ஆளால வாற இன்னொரு கூத்த சொல்லணும், இத நான் நேர பார்த்தது. பாசிக்குடாப் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ், ரிசப்ஷன்ல இருக்கிற பொடியன் எனக்குக் கோல் எடுக்கிறான், "அண்ணன், வெள்ளைக்காரன் ஏசுறான், ஒரே மெயில ஒம்பது தரம் அனுப்பியிருக்கமாம்". போய்ப் பார்த்தா அவுட்லுக்ல அந்த மெயில் அவுட்பொக்ஸ்லயே இருக்கு, போகல்ல எண்டுதான் காட்டுது, ரூம் போட்டோ எல்லாம் சேர்த்துப் பெரிய மெயில். நடந்தது என்னெண்டா அன்டிவைரஸ் மெயில வாங்கி மெதுவா ஸ்கேன் பண்ணி சேர்வருக்கு அனுப்பிடுது, சேர்வரும் "கிடைச்சுது" எண்டு பதில் சொல்லுது, அந்தப் பதில் அவுட்லுக்குக்கு வந்து சேர முதல் டைம்அவுட் ஆகி லைன் அறுந்துடுது. அவுட்லுக்குக்கு அது போகல்ல எண்ட கணக்கு, அடுத்த தரம் திரும்ப அனுப்புது. அங்க போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கு, இஞ்ச போகல்ல போகல்ல எண்டு இருக்கு. மெயில் ஸ்கேன நிப்பாட்டினதும் அந்த நிமிசமே அவுட்பொக்ஸ் காலி. பொப்ல மெயில் எடுக்கிறவங்களுக்கு இது கிறுகி மற்றப் பக்கத்தால வரும், எடுத்து முடிய முதல் லைன் அறுறதால எதெல்லாம் எடுத்தாச்சு எண்ட கணக்கு பதிவாகாது, அடுத்த தரம் அதே மெயில எல்லாம் திரும்ப இறக்கும், இன்பொக்ஸ்ல ஒரே மெயில் நாலு அஞ்சு. ஆலையில ஒரே பேர்சேஸ் ஓடர் ரெண்டு தரம் பிரிண்ட் ஆகி ரெண்டு லொறி நெல் ஏத்தினா அது உங்கட கணக்கு.

டெஸ்ட் பண்ணிப் பார்க்க "பத்து நிமிசத்துக்கு நிப்பாட்டு" எண்டு அன்டிவைரஸ் ஐகன்ல ரைட் க்ளிக் பண்ணி வாற ஒண்டு இருக்கு, அத செய்து பார்த்துட்டு "நிப்பாட்டியும் வேலை செய்யல்ல, அப்ப அன்டிவைரஸ் இல்ல" எண்டு முடிவெடுக்காதீங்க. நிப்பாட்டினாலும் சிலதுட நெட்வேர்க் ஃபில்டர் ட்ரைவர் விண்டோஸுக்குள்ள ஏறிக்கொண்டுதான் இருக்கும், காவல்காரன் நித்திரை ஆனாலும் கேட் பூட்டுத்தான். அதே மாதிரி பவர்ஷெல்ல டெஸ்ட் நெட்கனெக்ஷன் கட்டளையால போர்ட் 993 திறந்திருக்கா எண்டு பார்க்கிறவங்களுக்கு ஒரு சொல், "ட்ரூ" எண்டு வந்தாலும் அத முழுசா நம்பாதீங்க, சில நேரம் அந்த "ட்ரூ"வ சொல்றது சேர்வர் இல்ல, நடுவுல நிக்கிற அன்டிவைரஸ்தான். "ஃபோல்ஸ்" எண்டு வந்தா மட்டும் நம்பலாம். சந்தேகம் தீராட்டி உண்மையான டெஸ்ட் கழட்டிப் பார்க்கிறதுதான்.

கழட்டுறதெண்டா ஒழுங்காக் கழட்டணும். கொன்ட்ரோல் பெனல்ல அன்இன்ஸ்டோல் குடுத்தா பாதி போகும் பாதி மிஞ்சும். அனேகமான பெரிய அன்டிவைரஸ் கொம்பனிகளுக்கு தன்ட சாமான முழுசாத் துடைக்க ரிமூவல் டூல் எண்டு தனியா ஒண்டு இருக்கு, அவங்கட சொந்த சைட்ல இருந்து இறக்கி, தேவையான சாமான்கள மட்டும் ஏத்தி விண்டோஸ் திறக்கிற சேஃப் மோட்ல போட்டு ஓட்டி, ரீஸ்டார்ட் பண்ணுங்க. லெப்டொப் வாங்கேக்க அதோடயே ட்ரையல் அன்டிவைரஸ் ஒண்டு வரும், அது முடிஞ்சு கிடக்கிற நேரம் மேல இன்னொண்ட ஏத்துவாங்க, ரெண்டும் ஒரே கதவுல நிண்டு இழுபடும். உங்கட மெசின்லயும் பழசு ஏதும் இருந்திச்சா எண்டு பாருங்க, விண்டோஸ் செக்யூரிட்டியத் திறந்து வைரஸ் ப்ரொடெக்ஷனுக்குள்ள போனா ஆர் ஆர் பதிஞ்சிருக்காங்க எண்டு காட்டும். கழட்டினதுக்குப் பிறகும் நெட் ஒரு மாதிரி இழுத்தா அட்மினா கமாண்ட் ப்ரொம்ட்ட திறந்து netsh winsock reset எண்டு அடிச்சு, அதாவது விண்டோஸ்ட நெட் செட்டிங்ஸ பழைய நிலைக்குக் கொண்டு வந்து, ரீஸ்டார்ட் பண்ணலாம்.

பழைய மெசின்கள்ல இன்னொரு மிச்சமும் கிடக்கும். முந்தின கால அன்டிவைரஸ் சிலது மெயில் செட்டிங்ஸையே மாத்தி எழுதும், சேர்வர் பேர் இருக்க வேண்டிய இடத்துல 127.0.0.1 எண்டோ லோக்கல்ஹோஸ்ட் எண்டோ இருக்கும். அதிண்ட கருத்து இந்தக் கொம்பியூட்டரே எண்டதுதான். அன்டிவைரஸ கழட்டினதும் அந்த இடத்துல பதில் சொல்ல ஆளில்ல, ஆனா மெயில் ப்ரோக்ராம் அங்கயே போய்த் தட்டிக்கொண்டிருக்கும். அக்கவுண்ட் செட்டிங்ஸத் திறந்து சேர்வர் பேரயும் யூசர் நேமயும் ஹோஸ்டிங் கொம்பனி, அதாவது உங்கட மெயில் சேர்வர வெச்சு நடத்துற ஆக்கள், தந்த மாதிரித் திரும்ப எழுதினா சரி.

இப்ப பயர்வோல் பக்கம். "இன்டர்நெட் செக்யூரிட்டி", "டோட்டல் செக்யூரிட்டி" எண்டு வாற பெட்டிகள்ல சொந்த பயர்வோலும் இருக்கும், அது விண்டோஸ்ட மாதிரி இல்ல, வெளியில போறதயும் பேர் கேட்டுத்தான் விடும். தண்டர்பேர்ட் அப்டேட் ஆனா ப்ரோக்ராம் ஃபைல் மாறும், பயர்வோலுக்கு அது புது ஆள், "விடவா மறிக்கவா" எண்டு ஒரு பெட்டி வரும். கந்தோர்ல அந்த நேரம் கதிரையில இருக்கிறது ஆரெண்டு ஆருக்குத் தெரியும், ஏதோ பாட்டு இறக்க வந்த பொடியன் "ப்ளொக்" எண்டு அமத்திட்டுப் போயிருப்பான், அதுக்குப் பிறகு பெட்டியும் வராது மெயிலும் வராது. அப்பிடி எண்டா அந்தப் பயர்வோல்ட ப்ரோக்ராம் பட்டியலுக்குள்ள போய்த் தண்டர்பேர்ட் இருக்கிற வரிய அழிச்சுடுங்க, புதுசா இன்னொரு "அலவ்" வரி மேல போடுறது வேலை செய்யாம விடலாம், பழைய ப்ளொக் முதல்ல நிண்டா அததான் பார்க்கும். அழிச்சுட்டு மெயில் எடுத்தா திரும்பக் கேக்கும், அப்ப விடச் சொல்லுங்க.

மேல சொன்னனே, கந்தோர் வைபையில ஒருத்தருக்கும் மெயில் வருகுதில்ல, டேட்டாவில எல்லாருக்கும் வருது எண்டா எண்டு, அது பெரும்பாலும் மூண்டாவது ஒரு பயர்வோல், உங்கட்ட இல்ல, ஹோஸ்டிங் சேர்வர்ல இருக்கிறது. ஒரே ஐபியில இருந்து, அதாவது இன்டர்நெட்ல உங்கட லைனுக்கு இருக்கிற நம்பர்ல இருந்து, பிழையான பாஸ்வேர்ட் திரும்பத் திரும்ப வந்தா சேர்வர் அந்த ஐபியயே கொஞ்ச நேரத்துக்கோ முழுசாவோ மறிச்சுடும். நீங்க பாஸ்வேர்ட மாத்தியிருப்பீங்க, ஆனா லாச்சிக்குள்ள கிடக்கிற பழைய போனோ டெப்லட்டோ வைபையில இருந்துகொண்டு பழைய பாஸ்வேர்டால அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காத் தட்டிக்கொண்டிருக்கும், வாங்குறது முழுக் கந்தோரும். இதுல ஒரு ஏமாத்தும் இருக்கு, ரவுட்டர ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா நிறைய வீட்டு லைன்கள்ல ஐபி மாறும், உடனே மெயில் வரும், "ஆ ரவுட்டர்தான் பழுது" எண்டு சொல்லிப் புது ரவுட்டரும் வாங்குவாங்க, ரெண்டு நாள்ல திரும்ப அதே கதை. ஹோஸ்டிங் ஆக்கள்ட்ட உங்கட ஐபியக் குடுத்து மறிச்சிருக்கா எண்டு கேளுங்க, பழைய போனத் தேடிப் பிடிங்க.

அன்டிவைரஸும் இல்ல பயர்வோலும் இல்ல எண்டா கெதியாப் பார்க்க வேண்டிய சிலது. கொம்பியூட்டர்ட திகதி. மாரிக்குக் கரண்ட் போய்ப் போய் வாற நேரம் மதர்போர்ட்ல இருக்கிற காசு மாதிரி பெட்டரி, சிஆர் 2032, செத்திருந்தா திகதி பல வருசம் பின்னுக்குப் போயிடும், அப்ப எல்லா சேர்ட்டிபிகேட்டும் இன்னும் பிறக்காத பிள்ளைதான், எல்லாத்துக்கும் பிழை காட்டும். பெட்டரி மாத்தினாச் சரி. ஜிமெயில் பாவிக்கிறவங்க, 2022 மே 30ல இருந்து சாதாரண பாஸ்வேர்ட வெச்சு பழைய மெயில் ப்ரோக்ராம்களால உள்ள போக ஏலாது, டூ ஸ்டெப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுக்கணும், இல்லாட்டி கூகிள் லொகின் பெட்டியால போகணும். அவுட்லுக் டொட் கொம், ஹொட்மெயில்காரருக்கும் 2024 செப்டெம்பர் 16ஓட சாதாரண பாஸ்வேர்ட் சரிவராது, அங்க மைக்ரோசொஃப்ட் லொகின் பெட்டியாலதான் போகணும். அனுப்புறதுக்கு இன்னும் போர்ட் 25 போட்டு வெச்சிருந்தா 587க்கு மாத்துங்க, 25 சேர்வரும் சேர்வரும் கதைக்கிற போர்ட், ஸ்பேம் கூடினதால நிறைய இன்டர்நெட் கொம்பனிகள் உலகம் முழுக்க அத மறிச்சு வெச்சிருக்கு. 

ஒண்ட மட்டும் கொஞ்சம் நிண்டு சொல்லணும், தண்டர்பேர்ட் எண்டதால. தண்டர்பேர்ட் இயல்பா உங்கட இன்பொக்ஸ் முழுசையும் ஒரே ஒரு ஃபைலா வெச்சிருக்கும், மூண்டு வருச மெயிலும் ஒரு ஃபைல்தான். ஏதாவது ஒரு பழைய மெயில்ல வைரஸ் அட்டாச்மென்ட் கிடந்தா, முழு ஸ்கேன் ஓடுற அன்டிவைரஸுக்கு அது "இன்பொக்ஸ் எண்ட ஃபைல்ல வைரஸ்", உடனே அந்த ஃபைலத் தூக்கிக் குவாரண்டைன்ல, அதாவது சந்தேகமான ஃபைல அடைச்சு வைக்கிற இடத்துல, போட்டுடும். விடிய வந்து திறந்தா இன்பொக்ஸ் வெறுமை. காத்தான்குடியில துணிக்கடை வெச்சிருக்கிற நானா ஒருத்தருக்கு இது நடந்தது, அவர் நல்ல காலத்துக்கு "டிலீட்" எண்டு அமத்தாம கடையப் பூட்டிட்டு மெசினத் தூக்கிக்கொண்டு நேர வந்துட்டார், குவாரண்டைனத் திறந்து ரீஸ்டோர் குடுத்து எல்லாத்தையும் எடுத்தம். பொப்ல எடுத்து சேர்வர்ல அழிக்கிற ஆளா இருந்தா அந்த ஒரு ஃபைல்தான் உலகத்துல இருக்கிற ஒரே கொப்பி. அதால நீங்க எதத் தொட முதலும் தண்டர்பேர்ட மூடிட்டு, ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட் எண்டு போனா ப்ரொஃபைல்ஸ் எண்ட ஃபோல்டர் இருக்கும், அத அப்பிடியே ஒரு பென்ட்ரைவ்ல கொப்பி பண்ணுங்க. மறுகா அந்த ஃபோல்டர அன்டிவைரஸ்ட எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஸ்கேன் பண்ணாம விடுற பட்டியல்ல, போடுங்க. தண்டர்பேர்ட்ட பழைய வெர்சன்கள்ல செக்யூரிட்டி செட்டிங்ஸுக்குள்ள, வாற மெயில ஒவ்வொண்டாப் பிடிக்க அன்டிவைரஸுக்கு விடு எண்டு ஒரு டிக் இருக்கும், உங்கடதுல இருந்தா அதயும் போடுங்க.

அப்ப இண்டைக்கு நீங்க செய்யிறது, முதல் அந்த ப்ரொஃபைல் கொப்பி, மறுகா விண்டோஸ் பயர்வோல் ஓன், ஹொட்ஸ்பொட் டெஸ்ட், இஷ்யூவர் பேர், அதுக்குப் பிறகுதான் மெயில் ஸ்கேன நிப்பாட்டுறது. நிப்பாட்டியும் வரல்ல எண்டா அந்த சேர்ட்டிபிகேட் பெட்டியயும் தண்டர்பேர்ட்ட சேர்வர் செட்டிங்ஸ் பக்கத்தையும் போட்டோ எடுத்து இஞ்ச போடுங்க, மெயில் அட்ரஸ மறைச்சுட்டுப் போடுங்க, போர்ட் நம்பர் தெரியிற மாதிரி. பின்னேரம் கடை பூட்டினதும் பார்த்துச் சொல்றன்.